மூன்றாம் கட்டையில் கேப்போ

இன்று மாலை ஹட்டனில் நத்தார் கரோல் ஒத்திகை. 'சைலண்ட் நைட்' பாடலுக்கு ரிதம் கிட்டார் என் பொறுப்பு. 1818இல் ஒஸ்திரியாவின் ஒபேண்டோர்ஃப் என்ற ஊரில் அந்தப் பாடல் முதன்முதலில் கிட்டாரோடுதான் பாடப்பட்டது. ஆகவே ஓர்கன் இல்லையே என்று யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை.

ஜி, சி, டி செவன். மூன்றே கோட்ஸ், அதாவது சேர்த்து மீட்டும் சுரக்கூட்டுகள். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். கடைசி வரி காலை வாரிவிட்டது. மெட்டு அங்கே படிப்படியாக இறங்கிக் கீழ் ஜியில் போய் நிற்கிறது. அந்த இடம் வந்ததும் அக்காமார் எல்லோருக்கும் வெறும் காற்றுதான் வருகிறது. "தம்பி, கொஞ்சம் மேலே தூக்குங்களேன்" என்றார் ஓர் அக்கா. கிட்டார் கழுத்தின் மூன்றாம் கட்டையில் கேப்போவை, அதாவது எல்லாத் தந்திகளையும் ஒன்றாக அழுத்தும் கவ்வியை, மாட்டினேன். விரல்கள் அதே ஜியைத்தான் பிடிக்கின்றன, ஒலிப்பது அதைவிட மேலே உள்ள பி ஃபிளாட். கடைசிச் சொல் இப்போது தெளிவாகக் கேட்கிறது.

அடுத்த தலைவலி தாளம். இது மூன்றெண்ணிக்கைப் பாட்டு. முதல் எண்ணுக்குக் கட்டைவிரலால் தடித்த தந்தி, அடுத்த இரண்டுக்கும் மெல்லிய தந்திகளில் ஒரு வருடல், அவ்வளவுதான். டோல்க்கி வைத்திருக்கும் தம்பியோ நான்கெண்ணிக்கையில் வெளுத்துக்கட்டுகிறான். குழந்தை இயேசு எப்படித் தூங்குவார்?

வெளியே பனிமூட்டம். குளிரில் வைத்த கிட்டாரின் சுருதி ஏறிவிடுகிறது, மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் இறங்கிவிடுகிறது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குக் கரோல் பாடப் போகும் இரவில் சுருதி பார்க்கும் டியூனரைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். மேலதிக பற்றரி யாரிடமாவது இருக்கிறதா?