சார்ட்டில் 20

மார்ச் 3, திங்கள்
கடைசி போஸ்டிங் இன்று ஆரம்பம். பொது மருத்துவ வார்டு, 12 வாரம். பேட்ஜில் இன்னும் ‘மாணவி’ என்றுதான் இருக்கிறது. ஆனால் படுக்கையிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு நானும் சிஸ்டர்தான். இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று.

மார்ச் 5, புதன்
சொட்டுக் கணக்கு. 500 மி.லி. சலைன், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், சலைன் இறங்கும் குழாய் செட்டில் 20 சொட்டுக்கு 1 மி.லி. பரீட்சையில் அரை நிமிடத்தில் போட்ட கணக்கு. வழிகாட்டி அக்கா பக்கத்தில் நின்றதும் 240ஆல் வகுக்க மூளை ஓடவில்லை. ஒருவழியாக நிமிடத்துக்கு 42 வந்தது. சரி என்று நகர்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சொட்டு பாதியாகக் குறைந்திருக்கிறது, அந்த அம்மா கையை மடக்கிக்கொண்டு தூங்குகிறார். பரீட்சைத் தாளில் யாரும் கையை மடக்குவதில்லை.

மார்ச் 12, புதன்
நைட் டியூட்டி. நிமோனியாவுக்குச் சேர்ந்த ஐயாவின் சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை வரிசையாக 20, 20, 20. நானும் 20 எழுதப் பேனாவைத் திறந்தேன்.

“எண்ணினியா?” என்றார் அக்கா.

பதில் சொல்லவில்லை.

“போய் முழு நிமிஷம் எண்ணு. நாடி பார்க்கற மாதிரியே கையைப் பிடிச்சுக்கோ. மூச்சைப் பார்க்கறேன்னு தெரிஞ்சா மாத்தி விடுவார்.”

மணிக்கட்டைப் பிடித்தபடி, போர்வை ஏறி இறங்குவதை எண்ணினேன். 28. நம்பாமல் மறுபடி எண்ணினேன். 28. அப்போதுதான் கண்ணில் பட்டது, ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை இழுபடுகிறது. ஆக்ஸிஜன் 94, பிரஷரில் மாற்றமில்லை. ஆனால் நோயாளி மோசமாக மோசமாக மதிப்பெண் ஏறும் எங்கள் எச்சரிக்கை அட்டையில் மூச்சு 25 ஆனாலே 3 மதிப்பெண். அது ஒன்றே டாக்டரைக் கூப்பிடப் போதும்.

போனை என் கையில் கொடுத்தார் அக்கா. நோயாளி யார், எதற்காகச் சேர்ந்தார், இப்போது என்ன மாற்றம் என்பது வரை தட்டுத்தடுமாறி வந்துவிட்டது. “நீங்க உடனே வந்து பார்க்கணும் டாக்டர்” என்பதைச் சொல்லத்தான் தொண்டை அடைத்தது. வந்தார். விடிவதற்குள் ஐயாவை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மார்ச் 13, வியாழன்
பகலில் தூக்கம் வரவில்லை. அந்த 20களில் ஒன்று என் கையெழுத்து, செவ்வாய் இரவு போட்டது. அன்று நான் எண்ணவில்லை. இன்று அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். வார்டு பொறுப்பாளரிடம் கூட்டிப் போய் அதையே சொல்ல வைத்தார். திட்டே தேவலை.

மார்ச் 20, வியாழன்
லாக்புக்கில் கையெழுத்து வாங்க ஓடியதில் வாரம் போய்விட்டது.

மார்ச் 24, திங்கள்
ஐயா வார்டுக்குத் திரும்பிவிட்டார். இளைத்திருக்கிறார், பேச்சு குறையவில்லை. மணிக்கட்டைப் பிடித்து எண்ணத் தொடங்கினேன். பதினொன்றில் இருக்கும்போது, “என்னம்மா இவ்வளவு நேரம், நாடி கிடைக்கலையா?” என்றார். பேசினால் எண்ணிக்கை போச்சு. கையை விடவில்லை. அவர் அடங்கியதும் மறுபடி ஒன்றிலிருந்து.