சுடிதாருக்குள் ஒரு துப்பாக்கி உறை

இந்தத் தடவை கடலூர் வந்ததிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பது ஒன்றைத்தான். "டெக்சாஸ்ல உங்கிட்ட துப்பாக்கி இருக்காமே, நெசமா?" இருக்கிறது. அங்கே துப்பாக்கி வாங்குவது ஒன்றும் பெரிய பாடு இல்லை. அதை உடம்பில் எங்கே, எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் பெரும்பாடு, அதுவும் சுடிதார் போடுகிற பெண்ணுக்கு.

வாங்குவதற்கே முதலில் காத்திருந்தோம். என் கணவர் எச்-1பி விசாவில் போனவர், நான் அவரோடு போனவள். அந்த மாதிரி விசாவில் இருக்கும்வரை, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். இது தெரியாமல் நண்பர்களோடு சுடும் களத்துக்கு ஜாலியாகப் போய்வருகிற நம் பையன்கள் நிறையப் பேர். கிரீன் கார்டு வந்த பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. அப்புறம் ஹூஸ்டனுக்கு வெளியே, பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த ஒரு கடையை எடுத்தோம். இரவு கடையை அடைத்து, அன்றைய வசூலோடு காருக்கு நடக்கிற தூரம் சின்னதுதான். ஆனால் நடக்கிறவருக்குத்தான் தெரியும் அதன் நீளம்.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதானவர்கள், வேறு சட்டத் தடை இல்லையென்றால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். ஆனாலும் நான் உரிம வகுப்புக்குப் போனேன். 3, 7, 15 கெஜத் தூரங்களிலிருந்து மொத்தம் 50 ரவுண்டு சுட்டுக் காட்ட வேண்டும். சட்டம், சுடுவது எல்லாம் சொல்லித்தந்தார்கள். குர்த்தியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

துப்பாக்கிக் கடையில் பெண்கள் போய் நின்றால் முதலில் எடுத்துக் காட்டுவது கைப்பை. உள்ளே தனி அறை, தனி ஜிப், பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அது வேண்டவே வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில், கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாயின் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து அவருடைய இரண்டு வயதுப் பிள்ளையே சுட்டுவிட்டது. தாய் இறந்துபோனார். அந்தப் பையும் துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துச் செய்ததுதான். பையை நாம் கீழே வைப்போம், தள்ளுவண்டியில் வைப்போம், யார் வீட்டு சோபாவிலோ மறந்துவிட்டு வருவோம். பறிக்கிறவனும் முதலில் இழுப்பது பையைத்தான். ஆக, உடம்போடு இருக்க வேண்டும்.

உடம்போடு என்றால் எங்கே? பாடம் நடத்துகிறவர்கள் இடுப்பைக் கடிகாரமாக வைத்துச் சொல்வார்கள். தொப்புள் 12 மணி, வலது இடுப்பு 3 மணி, அதற்குச் சற்றுப் பின்னால் 4. ஆண்கள் பலர் 3-க்கும் 5-க்கும் நடுவில் வைக்கிறார்கள். என் கணவருக்கும் அங்கேதான். எனக்கு அங்கே வைத்தால் இடுப்பு வளைவு துப்பாக்கியைச் சாய்த்துவிடுகிறது. கைப்பிடி விலாவில் குத்தும், இல்லாவிட்டால் வெளியே துருத்தும். முன்பக்கம், 1 மணி பக்கம், நன்றாகப் படிகிறது. ஆனால் காரில் உட்கார்ந்தால் உறையின் அடிமுனை சிசேரியன் தழும்பின்மேலேயே வந்து அழுத்தும். உறையின் உள்பக்கம் அடியில் ஆப்பு மாதிரி ஒரு ஃபோம் துண்டு ஒட்டிய பிறகு வலி போயிற்று. அந்த ஆப்பு அடிப்பக்கத்தை வெளியே தள்ளி, கைப்பிடியை வயிற்றோடு சாய்க்கிறது. கொக்கி மாதிரி இன்னொரு சின்ன பிளாஸ்டிக் உறுப்பும் உண்டு. அது பெல்ட்டின் உள்பக்கத்தில் முட்டி, கைப்பிடியை உடம்புப் பக்கம் திருப்பிவிடும். இந்த இரண்டு துண்டுகள் மறைக்கிற அளவுக்கு, துப்பாக்கியைச் சின்னதாக வாங்குவதுகூட மறைக்காது.

உறை எதில் செய்தது என்பதற்கு வருவோம். தோல் உறை பார்க்க லட்சணமாக இருக்கும், உடம்புக்கும் இதம். ஆனால் பழசாகித் துவண்டால் வாய் சுருங்கும். துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது மடிந்த தோல் டிரிகர் பக்கம் புகுந்து, வெடித்த சம்பவங்கள் உண்டு. கைடெக்ஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக் துவளாது, ஹூஸ்டன் வேர்வைக்கும் அசையாது. ஒவ்வொரு மாடலுக்கும் அச்சாகச் செய்வதால் துப்பாக்கி 'டக்' என்று போய் உட்காரும். எலாஸ்டிக் வயிற்றுப் பட்டை லெகிங்ஸுக்கு வசதிதான். ஆனால் டிரிகருக்கு மேல் வெறும் துணி மட்டும் இருந்தால் அதைத் தொடவே கூடாது. துணிக்கு வெளியிலிருந்தே டிரிகரை அழுத்திவிட முடியும். டிரிகரை முழுக்க மூடுகிற கெட்டி உறை உள்ளே இருந்தால்தான் அந்தப் பட்டை உறை என்ற பேருக்கே ஆகும். எதில் வைத்தாலும் திரும்பச் செருகும்போது அவசரப்படக் கூடாது. குர்த்தி ஓரமோ ஜாக்கெட் நாடாவோ உள்ளே போகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் செருகுகிறேன். வீட்டில் பழகுவதென்றால் காலித் துப்பாக்கி, தோட்டாக்கள் வேறு அறையில்.

இதையெல்லாம் விட நான் பார்த்தது வேறு ஒன்று. நம் வாழ்க்கையில் பாதி இடங்களுக்கு அதைக் கொண்டுபோகவே முடியாது. பள்ளிக்கூடம், நீதிமன்றம், வாக்குச்சாவடி எல்லாம் சட்டப்படியே கூடாது. மது விற்பனையே பாதிக்கு மேல் வருமானமான இடங்களில் சிவப்பில் '51%' என்று போட்டிருக்கும், அங்கேயும் கூடாது. தனியார் இடங்களில் 30.06 என்கிற பலகை தொங்கினால், உரிமம் வைத்திருக்கிறவரும் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரு அங்குல எழுத்தில் எழுதியிருப்பார்கள். கோயிலுக்கும் குழந்தைகள் ஓடி விளையாடுகிற நண்பர் வீட்டுக்கும் பலகை தேவையில்லை, நானே எடுத்துப்போவதில்லை. அப்படியென்றால் ஒரு நாளில் எத்தனை முறை கழற்றி மாட்டுவது? ஒவ்வொரு முறையும் காருக்குள் குனிந்து வெறும் துப்பாக்கியை உருவுவதும் செருகுவதும்தான் உள்ளதிலேயே ஆபத்தான வேலை. அதனால் நான் தேடியது, துப்பாக்கியோடு சேர்த்து உறையையே ஒரே இழுப்பில் கழற்றுகிற கிளிப். டிரிகர் மூடியபடியே, சீட்டுக்கு அடியில் கம்பி வடத்தால் கட்டிய பூட்டுப் பெட்டிக்குள் போய்விடும். வீட்டிலும் அப்படியே பெட்டகத்துக்குள். 17 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டால் டெக்சாஸில் அதுவே குற்றம். பெல்ட்டில் வளையம் கோத்து இறுக்குகிற உறைகள் இதைவிட உறுதிதான், மறுக்கவில்லை. நாள் முழுக்கக் கழற்றாத ஆட்களுக்கு அது.

பொங்கல் விழாவுக்குப் புடவை கட்டினால்? பூட்டுப் பெட்டிதான். கொசுவத்தோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

சித்தப்பா போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். இதைக் கேட்டதும் சிரித்தார். "நாங்க வெளிய தெரியட்டும்னு மாட்டுவோம், ரிவால்வர்ல கயிறு வேற கட்டித் தோள்ல போட்டுக்குவோம். நீ தெரியக் கூடாதுன்னு இம்மாம் பாடுபடற." அப்புறம் அவர் பேச்சு ஆல்பேட்டை சோதனைச் சாவடிக்குப் போய்விட்டது. புதுச்சேரியிலிருந்து இடுப்பில் குவாட்டர் பாட்டிலைச் செருகிக்கொண்டு வருகிறவர்களைப் பிடித்த கதை. "புடைப்பைப் பாத்து எவனையும் புடிச்சதில்லம்மா. கை அடிக்கடி அங்கயே போவும். தடவித் தடவிப் பாப்பான். எதிர்ல போலீஸ்காரன் வந்தா சட்டைய இழுத்து விடுவான். அவன்தான்."

துப்பாக்கியை மறைத்து வைப்பதிலும் இதேதான். புதிதாக வைத்துக்கொள்கிறவர்கள் புடைப்பைப் பற்றியே கவலைப்படுவார்கள். காட்டிக்கொடுப்பது கை. உறை ஆடினால், பெல்ட் துவண்டால், கை அங்கே போகாமல் இருக்காது. அதனால்தான் ஒன்றரை அங்குல விறைப்பான பெல்ட்டுக்குத் தாராளமாகச் செலவழிக்கச் சொல்வேன். சித்தப்பா விடவில்லை. "இங்க கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கணும். வாங்குனாலும் எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டாந்து ஒப்படைக்கணும். உன்னோட 9 எம்எம் துப்பாக்கி பொதுமக்களுக்குக் கெடையவே கெடையாது, தெரியுமா?" தெரியும் சித்தப்பா. அதனால்தான் சுடும் களத்துக்கு எடுத்துப்போகிற பையை ஊருக்கு வருகிற பெட்டிகளோடு நான் சேர்ப்பதே இல்லை. பை ஓரத்தில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் இங்கே விமான நிலையத்திலேயே ஆயுதச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரும்.

இப்போது மஞ்சக்குப்பத்தில் டெய்லரிடம் குர்த்திகள் கொடுத்திருக்கிறேன். ஹூஸ்டன் கடைகளில் கிடைப்பது ஒன்று உடம்பைப் பிடிக்கும், இல்லையென்றால் முழங்கால் வரை தொங்கும். எனக்கு வேண்டியது தொடை வரை நீளம், ஒரே பிடியில் மேலே தூக்க வேண்டும். நிறம் வெளிறாமல், பூவோ கட்டமோ போட்ட பருத்தி. பிளெயின் துணியில் சின்ன மேடும் நிழல் தட்டும், டிசைனில் தெரியாது. ஜார்ஜெட் கூடவே கூடாது, ஒட்டிக்கொள்ளும். இடுப்பில் ரெண்டு இஞ்ச் லூஸ் விடச் சொன்னேன்.

"லூஸ் விட்டா குண்டா தெரிவீங்கக்கா" என்றார் டேப்பைச் சுருட்டிக்கொண்டே.

பரவாயில்லை, விடுங்க என்றேன். சனிக்கிழமை வந்து வாங்கிக்கச் சொல்லியிருக்கிறார்.