கட்டை மட்டும் போதாது: ராயல் பிளெக்கோவைத் தேற்றிய அனுபவம்

மீன்தொட்டியில் வளர்க்க மரம் தின்னும் பிளெக்கோ என்ற கெளுத்தி மீனை வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் பதில் ஒன்றுதான் வரும்: "தொட்டியில ஒரு டிரிஃப்ட்வுட் கட்டையை, அதான் தண்ணியில ஊறின மரக்கட்டையை, போட்டுடுங்க, அது பாட்டுக்குத் தின்னுக்கும்." எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கட்டை கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டையை மட்டும் நம்பினால் இந்த மீன் கண்ணெதிரே மெலிந்துகொண்டே போகும். ஒட்டிய வயிற்றோடு என்னிடம் வந்த ஒரு ராயல் பிளெக்கோவைக் காய்கறியும் கட்டையும் கொடுத்துத் தேற்றிய விதத்தை எழுதுகிறேன். இதே நிலையில் ஒரு மீனை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கு உதவும்.

ராயல் பிளெக்கோ என்பது பனாக்கே நிக்ரோலினியேட்டஸ். எல்190 என்ற எண்ணிலும் விற்பார்கள். கொலம்பியா, வெனிசுவேலா பக்கம் ஓரினோகோ ஆற்றுப் படுகையிலிருந்து வருவது. சாம்பல் உடம்பு, கறுப்புக் கோடுகள், சிவந்த கண்கள். மேலிருந்து பார்த்தால் அது மெலிந்திருப்பதே தெரியாது, ஏனென்றால் முதுகும் பக்கவாட்டும் கெட்டியான எலும்புத் தகடுகளால் மூடியிருக்கும். உள்ளே சதை வற்றினாலும் அந்தத் தகடுகளின் உருவம் மாறாது. அதனால் இது கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்போது வயிற்றைப் பார்க்க வேண்டும். என் மீனின் வயிறு உள்ளே குழிந்து, விளிம்பில் தகடுகள் துருத்திக்கொண்டு நின்றன. கண்களும் குழிக்குள் இறங்கியிருந்தன. கண் இறங்கிவிட்டால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

ஆற்றில் பிடித்ததிலிருந்து ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், கடை என்று கை மாறி வரும்வரை இந்த மீன்களுக்குப் பெரும்பாலும் சரியான தீனி கிடைப்பதில்லை. ஆற்றில் இரவெல்லாம் எதையாவது சுரண்டிக்கொண்டே இருக்கிற மீன் இது. குடலும் அதற்கேற்றபடி நீளமாகச் சுருண்டிருக்கும், அதில் எப்போதும் ஏதாவது போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரேயடியாகக் காலியாகிவிட்டால் திரும்பச் சாப்பிட வைப்பதே பெரிய வேலை.

நான் தீனி முறையை அமைத்துக்கொள்ள உதவியது ஒரு ஆய்வு. 2009இல் டொனோவன் ஜெர்மன் என்ற ஆய்வாளர், மரம் தின்னும் கெளுத்திகளால் மரத்தை உண்மையிலேயே செரிக்க முடிகிறதா என்று சோதித்து வெளியிட்டார். மரத்தை மட்டும் தின்ற மீன்கள் எடை குறைந்தன. சாயமேற்றிக் கொடுத்த மரத்தூள் 4 மணி நேரத்துக்குள் குடலைக் கடந்து வெளியே வந்துவிட்டது. கரையானும், மரம் கொறிக்கும் விலங்கான பீவரும் மரத்திலிருந்து சத்தை எடுக்கிற மாதிரி இவற்றால் எடுக்க முடியாது, மக்கிய பொருளைத் தின்று வாழ்கிற பல அமேசான் மீன்களைப் போலத்தான் இவையும் என்பது அவருடைய முடிவு. ஆற்றில் ஊறிக் கிடக்கும் கட்டையில் மேலே படிந்த படலம், பூஞ்சை, பாக்டீரியா, பாதி மக்கிப்போன நார் எல்லாம் சேர்ந்துதான் இதற்குச் சோறு. கரண்டி மாதிரிக் குழிந்த பற்களால் மரத்தோடு சேர்த்து அதையெல்லாம் சுரண்டி எடுக்கிறது. கடையிலிருந்து புதிதாக வாங்கிப் போட்ட கட்டையில் இதெல்லாம் எங்கே இருக்கும்?

அதனால் கட்டையைப் பழக்குவதிலிருந்து ஆரம்பித்தேன். ஏற்கனவே வேறொரு தொட்டியில் நெடுநாள் கிடந்து மேல்பக்கம் மெத்தென்று ஆகியிருந்த ஒரு கட்டையை எடுத்து இந்தத் தொட்டியில் வைத்தேன். விரல் நகத்தால் கீறினால் நார் நாராக வரும், அந்தப் பதம்தான் வேண்டும். கூடவே புதுக் கட்டை ஒன்றைக் கொதிக்க வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, தானாக மூழ்கும் நிலை வந்ததும் போட்டேன். தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறியது. கட்டையிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புச் சாயம்தான் காரணம், இந்த மீனுக்கு அதனால் கெடுதல் இல்லை. சில நாளில் புதுக் கட்டை முழுக்க வெள்ளையாக வழவழவென்று ஒரு படலம் பூத்தது. அதைப் பார்த்துப் பயந்து கட்டையை வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து கழுவாதீர்கள். என் மீன் முதன்முதலாக விரும்பித் தின்றது அந்தப் படலத்தைத்தான். காலையில் பார்த்தால் வெள்ளைப் பரப்பில் கோடு கோடாக மேய்ந்த தடம் இருந்தது.

எந்த மரமானாலும் சரி என்று போட்டுவிடக் கூடாது. பைன், தேவதாரு போன்ற பிசின் உள்ள மரங்கள் ஆகவே ஆகாது. பச்சை மரம், பெயின்ட் அடித்தது, வார்னிஷ் பூசியது, மருந்து தெளித்த இடத்தில் பொறுக்கியது எதுவும் வேண்டாம். கடைகளில் கிடைக்கும் மோப்பானி என்ற ஆப்பிரிக்க மரம் நல்ல கட்டைதான், ஆனால் ரொம்பக் கெட்டி. குட்டி மீனுக்கு அதைவிட மிருதுவாக ஒன்றும் சேர்த்து வைப்பது நல்லது.

இனி காய்கறி. எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதில்தான்.

எல்லோரும் சொல்வதுபோல வெள்ளரிக்காயில் தொடங்கினேன். விளக்கை அணைத்த பிறகு ஒரு துண்டைப் போட்டேன். முதல் சில இரவுகள் அது அப்படியே கிடந்தது. பிறகு நடுவிலிருந்த விதைப் பகுதி மட்டும் காணாமல் போனது. சாப்பிட ஆரம்பித்தது நிம்மதி, ஆனால் வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர். மெலிந்த மீனுக்கு வாயைத் திறக்க வைக்க அது உதவும், வயிறு நிரம்பாது. வெள்ளரி போலவே இருக்கும் சுக்கினிக் காயும் கிட்டத்தட்ட அதே கதைதான், தோல் மட்டும் கொஞ்சம் உறுதி.

உடம்பைத் தேற்றியது சர்க்கரைவள்ளிக்கிழங்குதான். இதை நான் உறுதியாகச் சொல்வேன். தோலைச் சீவி, விரல் தடிமனுக்கு வட்டமாக வெட்டி, முதலில் கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டு எடுத்துக் கொடுத்தேன். ஓரம் மிருதுவாகி உள்ளே கெட்டியாக இருக்கும் அந்தப் பதம் பலவீனமான மீனுக்கு ஏற்றது. மீன் தெம்பானதும் வேகவைப்பதை நிறுத்திவிட்டுப் பச்சையாகவே போட்டேன். மரத்தைச் சுரண்டுகிற பல்லுக்குப் பச்சைக் கிழங்கு ஒரு பொருட்டே இல்லை. அமைதியான இரவில் தொட்டிப் பக்கம் உட்கார்ந்தால் அது சுரண்டும் சத்தம் நன்றாகவே கேட்கும். பச்சைக் கிழங்கு வெந்ததைப் போலக் கரைந்து தண்ணீரைக் கெடுக்காது, இரண்டு இரவு தாங்கும். தவிர, பல்லுக்கும் வேலை கிடைக்கிறது.

பூசணி, கேரட், பீன்ஸ், தோல் உரித்த பட்டாணி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். கேரட் தின்ற மறுநாள் கழிவெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் வரும், பயப்பட வேண்டாம். சொல்லப்போனால் எனக்கு அது ஒரு வசதியாக இருந்தது, மீன் தின்றது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாமே. கீரை கிழிந்து தொட்டி முழுக்க மிதந்ததால் விட்டுவிட்டேன்.

காய் மிதக்கும், அதுதான் தொல்லை. இந்த மீன் மேலே வந்து தின்னாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முள்கரண்டியைத் துண்டின் நடுவே குத்திக் கீழே இறக்கிவிடுவேன். குகை வாசலுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைப்பேன். கூச்சப்படும் மீன் இது, இடம் பழகிவிட்டால் தைரியமாக வெளியே வரும். தோலைச் சீவாமல் போடுவதென்றால் பூச்சிமருந்து போக நன்றாகக் கழுவ வேண்டும்.

கடையில் விற்கும் வில்லை வடிவ மீன் தீனியான வேஃபரையும் முழுதாக ஒதுக்கவில்லை. ஆனால் பாசி வேஃபர் என்று பெயர் போட்டிருந்தாலும் பின்பக்கம் படித்தால் பலவற்றில் முதல் பொருள் மீன்தூள்தான். தாவரச் சத்து முதலில் வருகிற ஒன்றைத் தேடி, வாரத்தில் ஒன்றிரண்டு முறை சிறிதளவு கொடுத்தேன். சீக்கிரம் சதை போடட்டும் என்று இறால், புழு என்று புரதத்தைத் திணிப்பவர்கள் உண்டு. நார்த் தீனிக்குப் பழகிய நீளக் குடலுக்கு அது ஒத்துக்கொள்ளாது, வயிறு உப்பிக்கொள்ளும். நான் அந்த வழிக்குப் போகவே இல்லை.

தீனியைக் கூட்டினால் தண்ணீர் வேலையும் கூடும். இந்த மீன் சுரண்டும் மரத்தில் பெரும்பங்கு அப்படியே தூளாக வெளியே வந்து விழும். காலையில் மணல் மேல் மரத்தூள் குவியல் குவியலாகக் கிடக்கும். ஃபில்டர் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் மாட்டி, வாரத்தில் இரண்டு தடவையாவது அதைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து கழுவினேன். ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் தூள் உள்ளே போய் மோட்டார் ஓட்டமே குறைந்துவிடும். வேகவைத்த காயில் மிச்சம் இருந்தால் காலையில் எடுத்துவிட வேண்டும். கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்தேன். நோஞ்சான் மீனுக்குச் சின்னக் கெடுதலும் பெரிய அடி. வெப்பம் 27 டிகிரி செல்சியஸை ஒட்டி, ஆக்ஸிஜனுக்கு நல்ல நீரோட்டம்.

முதலில் திரும்பியது கண். குழியிலிருந்து மேலே எழும்பி, சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. வயிறு அதற்கப்புறம்தான், ரொம்ப மெதுவாக. குழிவு மறைந்து தட்டையானதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. லேசாக உருண்டு வரும்வரை தினமும் இரவில் காய் வைப்பதை விடவில்லை. இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் காய், மற்ற நாளில் கட்டைதான்.

இந்த மீன் 40 சென்டிமீட்டர் வரை வளரும் என்பதால் பெரிய தொட்டிக்கு இடம் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லாதவர்களுக்கு கிளவுன் பிளெக்கோ நல்ல தேர்வு. பனாகோலஸ் மேக்கஸ் என்ற அது 10 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும், தீனி முறையும் ஏறக்குறைய இதேதான், துண்டுகளைச் சிறிதாக வெட்டினால் சரி.

பழைய கட்டை நாளாக ஆக இளைத்துக்கொண்டே வரும், ஒரு கட்டத்தில் கையில் எடுத்தாலே உடையும். அப்போதும் அதைத் தூக்கி எறிய வேண்டாம். புதுக் கட்டையை அதன் பக்கத்திலேயே போட்டு, அதிலும் மேய்ந்த தடம் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்த பிறகு பழசை எடுக்கலாம்.