கமிஷனரைத் தேடி கோர்ட்டுக்குப் போன கதை

டெக்சாஸில் நகர எல்லைக்கு வெளியே வீடு வாங்கியபோது, சிட்டி வரி கிடையாது என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. முதல் பெருமழைக்கே சாலையோர வாய்க்கால் பொங்கி, தண்ணீர் கராஜ் வாசல் வரை வந்துவிட்டது. நகராட்சிக்குப் போன் செய்தால், "அது எங்கள் சாலை இல்லை, கவுண்டி கமிஷனரைப் பாருங்கள்" என்றார்கள். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி.

கமிஷனர் என்றால் நமக்குப் போலீஸ் கமிஷனர். விட்டால் மாநகராட்சியில் உட்கார்ந்திருக்கும் ஐஏஎஸ் அதிகாரி. இங்கே ஓட்டு வாங்கி வருகிறவர். கவுண்டியை நான்காகப் பிரித்து, பகுதிக்கு ஒரு கமிஷனர். மொத்தத்துக்கும் தலைவராக ஒரு கவுண்டி ஜட்ஜ். பதவிக்காலம் நான்கு ஆண்டு. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 47 லட்சம் பேர். லவிங் கவுண்டியில் அதே கணக்கெடுப்பில் 64 பேர். இரண்டுக்குமே ஐந்து பேர்தான்!

இந்த ஐவர் சபைக்குப் பெயர் கமிஷனர்ஸ் கோர்ட். "நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகணும்" என்றதும் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. வழக்கெல்லாம் இல்லை, பட்ஜெட், சொத்துவரி விகிதம், சாலை, பாலம், இதுதான் அங்கே பேச்சு.

அரை நாள் லீவு போட்டு, சீட்டு எழுதிக் கொடுத்து, மூன்று நிமிடம் பேசினேன். யாரும் வாயே திறக்கவில்லை. கோபம்தான் வந்தது. அன்றைய அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை அவர்கள் விவாதிக்கச் சட்டம் இடம் கொடுக்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. நேராகக் கமிஷனரின் பகுதி அலுவலகத்துக்குப் போயிருந்தால் அந்த லீவு மிச்சம்.

அங்கே போனபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் சாலையைக் கவுண்டி ஏற்றுக்கொண்டிருக்கிறதா?" ஏற்காத சாலையில் அவர்கள் கை வைப்பதில்லை. நல்லவேளை, எங்கள் சாலை பட்டியலில் இருந்தது. மறுவாரம் ஃபோர்மேன் வந்து, என் டிரைவ்வேக்கு அடியில் ஓடும் குழாய்க்குள் டார்ச் அடித்துக் காட்டினார். பாதிக்கு மேல் சேறு. வாய்க்காலைத் தூர்வாருவது அவர்கள் வேலை. குழாயை நான் வாங்கித் தந்தால் பதித்துத் தருவார்களாம். சரி, வாங்கினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் மண்ணடித்து உயர்த்தியதால்தானே தண்ணீர் என் பக்கம் திரும்பியது, அவருக்கு ஓர் உத்தரவு போடக்கூடாதா என்றும் கேட்டுப் பார்த்தேன். நகராட்சி மாதிரி நினைத்ததற்கெல்லாம் விதி போட முடியாது, மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

குழாய் பதித்தாகிவிட்டது. மண்மேடு அங்கேயேதான் இருக்கிறது.