குக் நீரிணையும் கைகோரா கடற்கரைச் சாலையும்: மோட்டார்ஹோமில் ஒரே நாளில் சென்று பார்த்தது

நியூசிலாந்தின் வடக்குத் தீவிலிருந்து மோட்டார்ஹோமை, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டியை, கப்பலில் ஏற்றித் தெற்குத் தீவுக்குச் செல்பவர்களில் பலர், பிக்டனில் இறங்கியதும் அன்றைய பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்வார்கள். அதே நாளில் கைகோரா வரை கடற்கரைச் சாலையிலும் ஓட்டிச் சென்றால் உடம்பு தாங்குமா, வழியில் நின்று பார்க்க நேரம் மிஞ்சுமா என்பதை இந்தப் பிப்ரவரியில் நானும் மனைவியும் சோதித்துப் பார்த்தோம். வெலிங்டனிலிருந்து பிக்டனுக்குக் கடல்வழி சுமார் 92 கிலோமீட்டர். ஏறத்தாழ மூன்றரை மணி நேரப் பயணம். அங்கிருந்து கைகோரா, முதலாம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 155 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தத் தூரத்துக்கு, நிறுத்தங்களையும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஒதுக்கினேன். காலைக் கப்பலைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

கப்பலில் வண்டிக்கான இடம் அதன் நீளத்தைப் பொறுத்தே தரப்படுகிறது. பின்னால் மாட்டியிருக்கும் சைக்கிள் தாங்கியும் அந்த நீளத்தில் சேரும் என்பதால், முன் பம்பர் முதல் தாங்கியின் கடைசிக் கம்பி வரை டேப் வைத்து அளந்த பிறகே முன்பதிவு செய்தேன். எரிவாயு சிலிண்டரின் வால்வைக் கப்பலில் ஏறுமுன் மூடிவிட வேண்டும். அதனால் குளிர்பெட்டியை முந்தைய இரவே நன்றாகக் குளிரவைத்து, கடல் கடக்கும் வரை கதவைத் திறக்காமல் விட்டோம். பிக்டனில் திறந்தபோது பால் குளிர்ச்சியாகவே இருந்தது. வாகனத் தளத்துக்குப் பயணத்தின் நடுவே போக அனுமதி கிடையாது. சால்வை, மாத்திரை, தின்பண்டம் ஆகியவற்றை ஒரு பையில் தனியாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. திருட்டு எச்சரிக்கை மணியையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கப்பலின் ஆட்டத்தைத் திருடன் என்று எண்ணி அது வழி முழுவதும் அலறும்.

ஏற்றும்போது எனக்குக் கவலையாக இருந்தது வண்டியின் பின்பகுதிதான். பின் சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதி, சாய்தளம் மட்டமான தளத்தோடு சேரும் இடத்தில் உரசக்கூடும். முதல் கியரில், பிரேக்கில் காலை வைத்தபடி, நடைவேகத்துக்கும் குறைவாக ஏற்றினேன்; மனைவி பக்கத்துக் கண்ணாடியைத் தாழ்த்திச் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். உரசல் எதுவும் இல்லை. நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரிலேயே விட்டு, அலமாரிக் கொக்கிகளை மறுபடியும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறினோம்.

குக் நீரிணை மிகக் குறுகலான இடத்தில் சுமார் 22 கிலோமீட்டர் அகலமே உடையது. இரு தீவுகளின் மலைகளுக்கும் நடுவே இது ஒன்றுதான் இடைவெளி. மேற்கிலிருந்து வரும் காற்று முழுவதும் இதற்குள் புகுந்து வேகமெடுப்பதால், நல்ல வெயிலிலும் இங்கே அலை எழலாம். அன்று நடுத்தரமான ஆட்டம்தான். வெளிக்கடலில் இருக்கும்போது பயணிகளுக்கான கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியில் அமர்ந்துகொண்டு, டோரி நீர்வழியின் வாய் தெரிந்த பிறகே மேல்தளத்துக்குப் போனோம். அங்கே கப்பல் திரும்பி உள்ளே நுழைந்ததும் ஆட்டம் அடங்கிவிட்டது. இந்த நீர்வழி அடங்கிய மார்ல்பரோ சவுண்ட்ஸ் என்னும் கடற்கால்கள், ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் கடல் மூழ்கடித்ததால் உண்டானவை. ஆகவேதான் காடு அடர்ந்த மலைச்சரிவுகள் கரையென்று ஒன்று இல்லாமல் நேராக நீருக்குள் இறங்குகின்றன. நீர்வழிக்குள் நுழைந்த சிறிது நேரத்திலேயே, அரபாவா தீவின் கரையில் பழைய திமிங்கில வேட்டை நிலையத்தின் எச்சங்களைப் பார்க்கலாம். அது 1964 வரை இயங்கியது. திமிங்கிலம் பார்க்கப் பணம் கட்டிப் படகேறும் கைகோராவுக்குப் போகும் வழியில், அவற்றைக் கொன்று எண்ணெய் எடுத்த இடத்தைத் தாண்டிச் செல்கிறோம் என்பது எனக்குச் சற்று உறுத்தியது.

இந்த மூன்றரை மணி நேரம்தான் ஓட்டுநருக்குக் கிடைக்கும் ஓய்வு. மேல்தளத்தில் பார்த்து முடித்ததும் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். பிற்பகலில் அது கைகொடுத்தது.

பிக்டனில் இறங்கியவுடன் நெடுஞ்சாலை வாகனங்களால் நிரம்பிவிடுகிறது, ஏனெனில் கப்பலில் வந்த அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் கிளம்புகிறார்கள். ஊருக்குள்ளேயே நிறுத்திச் சாப்பிட்டு, எரிவாயுவைத் திறந்து, குளிர்பெட்டியை இயக்கிவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு புறப்பட்டோம். பிளெனிமில் டீசல் நிரப்பினோம். செடனைத் தாண்டியதும் இடப்பக்கம் கிராஸ்மியர் ஏரியின் உப்பளங்கள் வருகின்றன; கோடைக் கடைசியில் உப்பு செறிந்த பாத்திகளில் நுண்பாசி பெருகி நீர் இளஞ்சிவப்பாகிறது, பக்கத்திலேயே வெள்ளை உப்புக் குவியல்கள். வார்டு என்ற ஊருக்குத் தெற்கே சாலை கடலோரத்தை அடைகிறது. அதன் பிறகு கைகோரா வரை பெரும்பகுதி, ஒருபுறம் மலையும் மறுபுறம் கடலுமாக, இடையில் சாலையும் ரயில் பாதையும் நெருக்கிக்கொண்டு ஓடுகின்றன.

தெற்கு நோக்கி ஓட்டுவதன் நன்மை இங்குதான் விளங்கியது. நியூசிலாந்தில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். தெற்கே போனால் கடலும் இடப்பக்கம். எதிர்வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்பாமல், கடலோர நிறுத்தங்களுக்குள் அப்படியே ஒதுங்கலாம், திரும்பவும் சேரலாம். நீளமான வண்டிக்கு இது பெரிய நிம்மதி. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் வழிவிட ஒதுங்குவதும் அதே நிறுத்தங்களில்தான் என்பதால், வழிவிடுவதும் வேடிக்கை பார்ப்பதும் ஒரே வேலையாகிவிட்டது.

2016 நவம்பர் 14 அன்று 7.8 அளவிலான நிலநடுக்கத்தில் இந்தச் சாலை மண்சரிவுகளால் மூடப்பட்டு, 2017 டிசம்பர் 15 அன்றுதான் மீண்டும் திறந்தது. மலைச்சரிவில் இன்றும் வடு தெரிகிறது. நிலநடுக்கத்தில் கடற்படுகை சில இடங்களில் பல மீட்டர் உயர்ந்துவிட்டதால், முன்பு நீருக்கடியில் இருந்த பாறைகள் வெளியே காய்கின்றன. ஓஹாவ் முனையில் இறங்கிக் கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தால், முதலில் பாறை மட்டும்தான் தெரியும். சிறிது நேரம் பொறுத்திருந்தால் அந்தப் பாறைகளில் பாதி கழுத்தைச் சொறிந்துகொள்ளும், அவை மென்மயிர்க் கடல்நாய்கள். குட்டி ஒன்று ஈரப் பாசியில் வழுக்கி விழுந்து, தாயின் முதுகின் மேலேயே ஏறிப் போனது. இங்கே முக்கால் மணி நேரம் நின்றோம். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் இன்னும் நிற்கலாம்.

கைகோராவை வெளிச்சம் இருக்கும்போதே அடைந்து, மின்இணைப்புள்ள முகாமில் நிறுத்தினோம். கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டியிருந்ததும், களைப்போடு இலவச இடம் தேடி அலைய மனம் இல்லாததும் காரணம்.

உடம்பு தாங்கியது, நேரமும் மிஞ்சியது. ஆனால் இது கப்பல் முதலில், சாலை பிறகு என்ற வரிசையில் மட்டுமே. எதிர்த்திசையில் வந்தால் கப்பல் நேரம் கழுத்தைப் பிடிக்கும். புறப்படும் நேரத்துக்கு வெகுமுன்பே வரிசையில் நிற்க வேண்டியிருப்பதால், ஓஹாவ் முனையில் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம், கடலும் சாலைக்கு மறுபக்கம் போய்விடும். திரும்பும்போது பிக்டனில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் கப்பலுக்கு முன்பதிவு செய்திருக்கிறோம்.