எங்க நோகுது எண்டு கேட்கப் பழகின கதை

நோயாளியோடு கதைக்கக் கூச்சப்படுகிற புதுத் தாதிய மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. தாதியப் பயிற்சியில் படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். நெஞ்சுவலியோடு வருபவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று பரீட்சையில் வரிசையாக எழுதி, புள்ளியும் நன்றாகத்தான் எடுத்திருந்தேன். திருகோணமலையில் முதல் நாள் வார்டுக்குள் போனபோது அதெல்லாம் எங்கே போனதோ தெரியாது. கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த உம்மா ஒருவர். "உங்கள் வலியின் தன்மை எவ்வாறு உள்ளது?" என்று கேட்டேன், செய்தி வாசிக்கிற குரலில். அவர் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் புள்ள என்ன கேக்குது?" அந்தப் பக்கமிருந்து சிரிப்பு. வியர்வையில் பேனா கையிலிருந்து வழுக்கியது.

பின்னேரம் விடுதியில் ஒரு கொப்பி எடுத்து, படித்த ஒவ்வொரு கேள்விக்கும் நேரே எங்கட வீட்டில் எப்படிக் கேட்பார்களோ அப்படி எழுதினேன். எங்க நோகுது? குத்துதா, எரியுதா, உழையுதா? சத்தி வந்ததா? சலம் ஒழுங்காப் போகுதா? நீங்களும் எழுதுங்கள், சத்தமாகச் சொல்லியும் பாருங்கள். கூச்சத்தில் பாதி, வாய்க்குப் பழகாத சொற்களால் வருவது.

கேட்கிற விதமும் முக்கியம். "குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?" என்றால் எல்லாரும் "ஓம்" என்பார்கள். மறுநாள் அதே உம்மாவிடம், "காலையில எது போடுவீங்க, இரவில எது?" என்று கேட்டேன். "இரவில சுகர் குளிசைய பாதியா உடைச்சுப் போடுவன் மகள், அப்பதான் மாசக் கடைசி மட்டும் காணும்" என்றார். உடனே கடமையில் இருந்த தாதி மிஸ்ஸிடம் சொன்னேன்.

பேச்சு வரவே இல்லையென்றால் கைவேலையில் தொடங்குங்கள். எனக்கு நாடிதான் கைகொடுத்தது. பெயர் சொல்லி, கையைப் பிடிக்கலாமா என்று கேட்டு, முழு 60 விநாடி எண்ணுங்கள். அந்த நேரம் நீங்கள் பேச வேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. பிறகு விரலை எடுக்காமலே மூச்சையும் எண்ணுங்கள். மூச்சை எண்ணுவது தெரிந்தால் ஆள் வேறு மாதிரி மூச்சு விடத் தொடங்கிவிடும். இந்த இரண்டு நிமிடத்தில் அவருக்கும் உங்கள் முகம் பழகிவிடும். பிரஷர் பார்க்கும்போது மட்டும் கதை வேண்டாம், கதைத்தால் அளவு கூடிக் காட்டும். நான் பதற்றத்தில் வாய் ஓயாமல் கேள்வி கேட்டு, திரும்ப அளக்க வேண்டி வந்தது.

எங்கள் ஊர் வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு மொழி இருக்கும். "கொஹேத ரிதென்னே?" (எங்க நோகுது?) என்று என் சிங்களத்தில் ஒரு அம்மாவிடம் கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, உச்சரிப்பைத் திருத்தினார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுடவில்லை. பிறகு தினமும் ஒரு சொல் சொல்லித் தந்தார்.

பதில் தெரியாவிட்டால் "ஒண்டுமில்ல, சுகமாயிடும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "மிஸ்ஸிட்ட கேட்டுச் சொல்றன்" என்பது போதும், ஆனால் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். மூதூரிலிருந்து வந்த ஐயா ஒருவர், எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று கேட்டார். கேட்டு வருகிறேன் என்றவள் வேலையில் மறந்துபோனேன். அவர் பார்வையாளர் நேரம் முடியும்வரை நான் போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த நாள் நாடி பார்க்கப் போனேன். கையைத் தந்தார். முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.