அந்த நாலு சுரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்புவெளியில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. பாரைமீன் குழம்பு. ஒரு வெட்டு வெட்டிவிட்டு, ஃபேனுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தபடி ரிவியில் 'ட்ரோய்' பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்தோம் என்பது பேச்சுக்கு. பாதிப் படம் என் நித்திரையில் போய்விட்டது. திடீரென்று மருமகன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"மாமா, இது 'அவதார்'ல வாறதுதானே?"

"என்ன வாறது?"

வாயாலேயே ஊதிக் காட்டினான். நாலே நாலு சுரம். முதல் மூன்றும் மடமடவென்று ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, நாலாவது இழுத்து. அவன் பாடசாலை பான்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவன், பதினாலு வயது. எனக்கு நித்திரை கலைந்துவிட்டது, ஏனென்றால் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரண்டு படத்துக்கும் இசை ஜேம்ஸ் ஹோர்னர். அந்த நாலு சுரத்தை மனிதர் விடவே இல்லை. 1982இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாம் படத்தில் இருக்கிறது, 1988இல் 'வில்லோ'வில் இருக்கிறது, 2001இல் 'எனிமி அட் த கேட்ஸ்' முழுக்க இருக்கிறது, 2004இல் 'ட்ரோய்', 2009இல் 'அவதார்'. வில்லன் வரப்போகிறான், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்றால் உடனே பித்தளை வாத்தியங்கள் அதை ஊதும். ரசிகர்கள் அதற்கு ஆபத்துச் சுரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"அப்ப தன்ர மியூசிக்கைத் தானே களவெடுத்திருக்கிறார், என்ன?" என்றான்.

தன்னுடையது என்றாலும் பரவாயில்லை. அது ரஷ்யாவின் ரக்மனினோவ் எழுதிய முதலாவது சிம்பொனியின் தொடக்கம். அந்தச் சிம்பொனியின் கதையே பெரிய சோகம். 1897இல் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறி, கிழிகிழியென்று கிழிபட்டது. அந்த அடியில் மனிதர் சில வருடங்கள் எதையும் ஒழுங்காக எழுதவில்லை. பிறகு எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து எழுதின முழு ஸ்கோரும் தொலைந்தே போனது. அவர் 1943இல் இறந்த பிறகுதான், வாத்தியக்காரர்கள் வைத்து வாசித்த தனித்தனித் தாள்கள் கிடைத்து, அவற்றைக் கோத்து 1945இல் மறுபடி வாசித்தார்கள். ஊரே காறித் துப்பின ஒரு மெட்டு, ஹொலிவூட் வில்லன்களுக்குக் கட்டியம் கூறுகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

ஹோர்னரைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அவ்வளவு கோபம் வருவதில்லை. 'ட்ரோய்' படத்துக்கு முதலில் இசை எழுதியவர் கப்ரியேல் யாரெட், கிட்டத்தட்ட ஒரு வருடம் உழைத்தவர். சோதனைக்காகக் காட்டின காட்சியில் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு ஹோர்னரைக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு வாரம். வீடு கட்டி முடித்து, பால் காய்ச்ச நாளும் குறித்த பிறகு பெயின்ட் அடிக்க ஆள் பிடிக்கிற மாதிரிதான் சினிமாவில் பின்னணி இசைக்காரன் நிலைமை. அந்த அவசரத்தில் கை தானாகப் பழைய டப்பாவைத்தான் தேடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதற்குப் பெயர் டெம்ப் ட்ராக். படத்தை வெட்டி ஒட்டும்போது சும்மா மௌனமாக ஓட்ட முடியாது என்பதால், ஏதாவது பழைய படத்து இசையை எடுத்துத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்வார்கள். இயக்குநர் அதையே மாதக்கணக்காகக் கேட்பார். காதில் ஊறிவிடும். அப்புறம் புது இசைக்காரனிடம், இதே மாதிரி வேண்டும், ஆனால் இது வேண்டாம் என்பார். என்ன செய்வான் அவன்? இயக்குநர் குப்ரிக் இன்னும் ஒரு படி மேலே போனார். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'க்கு அலெக்ஸ் நோர்த் எழுதின இசையை எறிந்துவிட்டுத் தான் முன்பே போட்டு வைத்திருந்த பழைய இசைத்தட்டுகளையே வைத்துக்கொண்டார். நோர்த்துக்கு அது தெரிய வந்தது, 1968இல் படத்தைப் போய்ப் பார்த்தபோதுதான்! எவ்வளவு பெரிய அவமானம். ஆனாலும் இன்றைக்கு அந்தப் படத்தை வேறு இசையோடு நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

'300' படத்தின் கதை வேறு. அதில் சில இடங்களில் 'டைட்டஸ்' படத்துக்கு எலியட் கோல்டன்தால் எழுதிய இசை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. கடைசியில் தயாரிப்பு நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டது. இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

நானும் பெரிய யோக்கியன் இல்லை. எங்கள் கோயில் திருவிழாவில் ஒரு வருடம் சத்தியவான் சாவித்திரி நாடகம் போட்டோம், கீபோர்ட் நான். எமன் அட்டையில் செய்த எருமையோடு வருகிற இடத்துக்கு என்ன வாசிப்பதென்று ஒன்றும் தோன்றவில்லை. கட்டைச் சுரத்தில் இரண்டே கட்டை, மாறி மாறி, மெதுவாகத் தொடங்கி வேகமாக. 'ஜோஸ்' படத்தில் ஜோன் வில்லியம்ஸ் செய்தது அதுதான், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு. நாலு தடவைகூட வாசித்திருக்க மாட்டேன், முன்வரிசையில் மண்ணில் குந்தியிருந்த மீன்பிடிக்காரப் பெடியன்கள் "டேய் சுறாடா, சுறா!" என்று கத்தினார்கள். பிறகு எமன் பேசின ஒரு வசனமும் யாருக்கும் கேட்கவில்லை. சாவித்திரியே சிரித்துவிட்டா.

அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. பழைய இசையை எடுக்கும்போது அதன் கூடவே அந்தப் படமும் ஒட்டிக்கொண்டு வரும். வரட்டும் என்று தெரிந்தே கூப்பிடுகிறவன் கெட்டிக்காரன். வராது என்று நம்பி மறைக்கிறவன் என்னை மாதிரி மாட்டிக்கொள்வான். 'ஸ்டார் வோர்ஸ்' தொடக்க இசையையும், 1942இல் வந்த 'கிங்ஸ் ரோ' படத்துக்கு கோர்ன்கோல்ட் எழுதிய தொடக்க இசையையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், சொந்தச் சகோதரர்கள். அது மறைத்த வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. வாள்சண்டைப் படங்களின் அந்தக் காலத்து ஆரவாரம் முழுவதையும் விண்வெளிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது, போனார்கள்.

நம்முடைய படங்களில் '96'தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். கோவிந்த் வசந்தாவின் இசை நடுவே இளையராஜாவின் பழைய பாட்டுகள் வருகின்றன. 'யமுனை ஆற்றிலே' 1991இல் 'தளபதி'க்காக வந்தது. இங்கே அது பள்ளிக்காலத்தில் அவன் கேட்டுக் கேட்டும் அவள் பாடாத பாட்டாகிவிடுகிறது. பாட்டு வர முதலே என் மனுசி மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிட்டா. எந்தப் புது மெட்டாலும் அது நடந்திருக்காது.

அப்புறம் ரஜினியின் பெயர் ஒவ்வோர் எழுத்தாக விழுகிற அந்த டைட்டில் கார்ட். 1992, 'அண்ணாமலை', இசை தேவா. அந்த யோசனைக்கு விதை போட்டது ஜேம்ஸ் பொண்ட் படத் தொடக்கங்கள். சரி, பொண்டின் இசை எங்கிருந்து வந்தது? மொன்டி நோர்மன், நைபோலின் 'எ ஹவுஸ் ஃபோர் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை இசை நாடகமாக்க ஒரு முயற்சி நடந்தபோது எழுதி வைத்திருந்த மெட்டு அது. ட்ரினிடாட்டில் கரும்புத் தோட்டத்துக்குப் போன இந்தியர்களின் கதை, அதனால் சித்தார் மணக்கிற மெட்டு. நாடகம் மேடையேறவில்லை, மெட்டு லாச்சியில் கிடந்தது. 1962இல் 'டொக்டர் நோ'வுக்கு அதை எடுத்துக் கொடுத்தார், ஜோன் பெரி கிட்டாரும் பித்தளையும் வைத்து ஒழுங்குபடுத்தினார், உளவாளி பிறந்தான். இதை மருமகனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. போனில் அந்தப் பழைய பாட்டைத் தேடிப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே கண் விரிந்தது.

'கொட்ஃபாதர்' பகிடியையும் சொன்னேன். நினோ ரோட்டா அதன் காதல் மெட்டை 1958இல் 'ஃபோர்ச்சுனெல்லா' என்ற தன் இத்தாலியப் படத்தில் ஏற்கெனவே போட்டிருந்தார் என்று தெரிந்து ஒஸ்கார் பரிந்துரையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதே மெட்டு இரண்டாம் பாகத்திலும் வந்தது. அதற்கு ஒஸ்கார் கொடுத்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை அவனுடைய பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி. வெயில் கொளுத்தியது, நான் ஒரு வேப்பமரத்தடியில் ஐஸ் பழத்தோடு நின்றேன். அணிநடைக்கு பான்ட் முழங்கியது. இவனுடைய இல்லத்துக்காரர்கள் போய், அடுத்து எதிர் இல்லத்துக்காரர்கள் கொடியோடு திரும்பினார்கள். பெரிய மேளம் அடுத்த அடிக்குக் கையை ஓங்கின இடைவெளியில், பின்வரிசையிலிருந்து ஒரு ட்ரம்பெட் மட்டும் தனியாக. மூன்று சுரம் மடமடவென்று, நாலாவது இழுத்து.

பான்ட் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். இவன் முகத்தைச் சிலை மாதிரி வைத்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு, "ட்ரோயா?" என்றார்.